சுமோவுல ரெண்டாவது பேட்டரி: ரிலேவா, டிசி-டிசியா, சோலாரா?

ஆடி அமாவாசைக்கு முந்தின ராத்திரி ராமேஸ்வரத்துல போய் இறங்கி லாட்ஜ் தேடினா கிடைக்குமான்னு கேட்டா சின்னப் பசங்க கூட சிரிப்பாங்க, நாங்க அப்படித்தான் போய் நின்னோம். சரி வண்டியிலயே படுத்துக்கலாம்னு நான், வீட்டம்மா, பையன், அப்பா நாலு பேரும் பழைய டாடா சுமோவுக்குள்ள. சாவிய பாதி திருப்பி வெச்சு சிகரெட் சாக்கெட்ல ரெண்டு டிசி ஃபேன், அதுலயே பிரிச்சு நாலு போனும் சார்ஜ்ல. ராத்திரி மூணு மணிக்கு ஃபேன் சத்தம் இறங்க ஆரம்பிச்சுது, கொசு வர ஆரம்பிச்சுது, காலையில சாவிய திருப்பினா டிக் டிக்னு மட்டும்தான் கேட்டுது, செல்ப் அடிக்கல. கிட்டத்தட்ட ரெண்டு டன் வண்டி. தர்ப்பணம் குடுக்க வந்த நாலு பேரு வேட்டிய மடிச்சுக் கட்டிட்டு தள்ளிவிட்டாங்க, அவங்களுக்கு புண்ணியமா போகட்டும். அப்பா மட்டும் ஒண்ணும் சொல்லாம ஜன்னல் பக்கம் திரும்பி உக்காந்துட்டாரு, அதுதான் ரொம்ப வலிச்சுது.

அதுக்கப்புறம் ரெண்டாவது பேட்டரி போடறதுன்னு முடிவு பண்ணி ஆறு மாசம் அலைஞ்சேன். கேட்ட இடத்துல எல்லாம் ஒவ்வொருத்தரும் ஒவ்வொண்ண சொன்னாங்க, ஒருத்தர் 2000 ரூபாய்ல முடியும்னாரு, இன்னொருத்தர் 60,000 ஆகும்னாரு, ரெண்டு பேருமே பொய் சொல்லல. என்னென்ன வழி இருக்கு, எது யாருக்கு சரிப்படும்னு எனக்குப் புரிஞ்ச வரைக்கும் இங்க எழுதறேன். கையில காசு கம்மியா இருக்கறவங்களுக்கான கணக்கு இது, லட்சக்கணக்குல செலவு பண்ணி வண்டிய வீடா மாத்தறவங்களுக்கு இது தேவைப்படாது.

கடைக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு பேப்பர் எடுத்து ஒரு ராத்திரிக்கு எவ்வளவு கரண்ட் வேணும்னு எழுதிப் பாருங்க. எங்களோடது இப்படி வந்துது: ஒரு டிசி ஃபேன் 1.2 ஆம்பியர், ரெண்டு ஃபேன் 9 மணி நேரம் ஓடினா ஏறக்குறைய 22 ஏஹெச் (ஆம்பியர்-ஹவர், அதாவது ஆம்பியர மணி நேரத்தால பெருக்கினா வர்றது). எல்இடி லைட் 6 வாட், நாலு மணி நேரத்துக்கு 2 ஏஹெச். நாலு போனுக்கு 6 ஏஹெச் வெச்சுக்கலாம். மொத்தம் 30. இதுல ஒரு சின்ன கம்ப்ரசர் ஃப்ரிட்ஜ் சேர்த்தா நம்ம வெயிலுக்கு ஒரு நாளைக்கு இன்னொரு 30 ஏஹெச் சுலபமா போயிடும், ஆக 60. இந்த 30, 60 வித்தியாசம்தான் எல்லா முடிவையும் மாத்துது. இண்டக்‌ஷன் அடுப்ப இன்வெர்ட்டர்ல ஓட்டலாமான்னு மச்சான் கேட்டான், 1000 வாட்டுனா 12 வோல்ட் பேட்டரில இருந்து 90 ஆம்பியருக்கு மேல இழுக்கும்டா, பேசாம ஒரு சின்ன கேஸ் அடுப்பு வாங்கிக்கோன்னு சொல்லிட்டேன்.

ரெண்டாவது பேட்டரியே வேணாம், லைட்டும் போன் சார்ஜும் மட்டும் போதும்னு இருக்கறவங்களுக்கு ஒரு லோ வோல்டேஜ் கட்-ஆஃப் மாட்யூல் போதும், சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல சில நூறு ரூபாய்க்கு கிடைக்கும். மெயின் பேட்டரி 12.2 வோல்ட்டுக்கு இறங்கினதும் ஃபேன், லைட்ட எல்லாம் அதுவே வெட்டிடும், காலையில வண்டி ஸ்டார்ட் ஆகும். ராமேஸ்வரத்துல அது இருந்திருந்தா கொசுக்கடி எப்படியும் இருந்திருக்கும், தள்ளறது இருந்திருக்காது.

பேட்டரி விஷயத்துல ரொம்ப நேரம் எடுக்க வேண்டாம். சாதா லெட் ஆசிட்னா, 100 ஏஹெச்னு எழுதியிருந்தாலும் 50 தான் நம்மளோடது, அதுக்கு கீழ அடிக்கடி இறக்கினா ஆயுசு போயிடும். கார் ஸ்டார்ட்டிங் பேட்டரிய விட சோலார்க்கு, யுபிஎஸ்க்கு வர்ற சீல்டு டைப் பேட்டரி இந்த வேலைக்கு நல்லது. வீட்டு இன்வெர்ட்டர்ல இருந்து கழட்டின டியூபுலர் பேட்டரிய பின்னாடி வெச்சா என்னன்னு நெறய பேரு கேக்கறாங்க, நானும் யோசிச்சேன், ஆனா 150 ஏஹெச் டியூபுலர் 50 கிலோவுக்கு மேல, சார்ஜ் ஆகறப்போ ஹைட்ரஜன் விடும், வளைவுல ஆசிட் தளும்பும், ஆளு படுத்துத் தூங்கற கேபின்குள்ள அது வேணவே வேணாம். லித்தியம் அயர்ன் பாஸ்பேட்னா 100 ஏஹெச்ல 80, 90 தாராளமா எடுக்கலாம், எடை பாதிக்கும் கீழ, ஆயிரக்கணக்கான சைக்கிள் தாங்கும், விலைதான் நான் விசாரிச்சப்போ 25,000ல ஆரம்பிச்சுது. அதோட அத சார்ஜ் பண்ற விதமும் வேற, அதுக்கு பின்னால வர்றேன்.

இப்ப வயர். எல்லாரும் சார்ஜர பத்தியே பேசறாங்க, வயர பத்தி ஒருத்தரும் பேச மாட்டேங்கறாங்க, நான் காச கரியாக்கினது இங்கதான். முதல் தடவை ஒரு எலக்ட்ரீஷியன் கடைல குடுத்து பின்னாடி பேட்டரி வெச்சு முன்னாடில இருந்து 4 ஸ்கொயர் (குறுக்குவெட்டு 4 சதுர மில்லிமீட்டர்) வயர்ல கனெக்‌ஷன் எடுத்தோம். ஈரோட்டுல இருந்து மதுரை வரைக்கும் நாலு மணி நேரம் ஓட்டிட்டு போய் நிறுத்தி, கொஞ்ச நேரம் விட்டு மீட்டர் வெச்சுப் பார்த்தா 12.3 வோல்ட். கிளம்பறப்பவும் கிட்டத்தட்ட அதான். பேட்டரிதான் டம்மின்னு கடைக்காரர் சொன்னாரு, நானும் நம்பி சண்டை போட பேட்டரி கடைக்குப் போனேன். அந்தக் கடை அண்ணன் பேட்டரிய தொடவே இல்ல, வண்டிய ஸ்டார்ட் பண்ணச் சொல்லி மல்டிமீட்டர முன்னாடி வெச்சாரு, 14.2. பின்னாடி வந்து வெச்சாரு, 13.3. "தம்பி, பேட்டரி பசியோட வாய தொறந்துட்டுதான் இருக்குது, நீங்க ஸ்ட்ரா போட்டு சோறு ஊட்டறீங்க"ன்னாரு.

கணக்கு ரொம்ப சிம்பிள். காப்பர் வயருக்கு ஒரு மீட்டர் நீளம் ஒரு ஸ்கொயர்னா 0.0172 ஓம். பானட்ல இருந்து பின்சீட் வரைக்கும் போக 5 மீட்டர் வர 5 மீட்டர், மொத்தம் 10. 4 ஸ்கொயர்ல அது 0.043 ஓம், 20 ஆம்பியர் போனா 0.86 வோல்ட் வயர்லயே செத்துடும். 14.2ல கிளம்பினது 13.3ஆ வந்து சேரும், லெட் ஆசிட்ட நிரப்ப 14க்கு மேல வேணும். அதுவே 16 ஸ்கொயர் போட்டா 0.2 வோல்ட்தான் இழப்பு. 16 ஸ்கொயர் காப்பர் மீட்டர் 200 ரூபாய்க்கு மேல ஆகும், 10 மீட்டர் வாங்கறப்போ கை நடுங்கும், ஆனா அந்த 2000 ரூபாய் 15,000 ரூபாய் சார்ஜர் செய்யற வேலைல பாதிய செஞ்சுடும். இன்னொரு வழி, பேட்டரிய பின்னாடி வைக்காம முன் சீட்டுக்கு அடில வைக்க இடம் இருந்தா வெச்சுடுங்க, வயர் ரெண்டு மீட்டர்ல முடிஞ்சுடும்.

வாங்கறப்போ பிளேடால ஒரு இழைய சுரண்டிப் பாருங்க. உள்ள வெள்ளையா இருந்தா அலுமினியத்துக்கு மேல காப்பர் முலாம், கார் ஆம்ப்ளிஃபையர் கிட்டுல வர்ற வயர் நெறய இப்படித்தான். எனக்கு முதல்ல காட்டினது அதுதான், சுரண்டினதும் கடைப்பையன் சிரிச்சுட்டே உள்ள போய் வேற சுருள் எடுத்துட்டு வந்தான். வெல்டிங் கேபிள் காப்பர்ல கிடைச்சா அது நல்லா வளையும். வயர் முனைல மாட்டற லக்க சுத்தியலால அடிச்சு நசுக்காம சரியான டூல்ல கிரிம்ப் பண்ணச் சொல்லுங்க. அப்புறம் ஃப்யூஸ், ரெண்டு பக்கமும். முன்னாடி ஒண்ணு இருக்கே போதாதான்னு கேப்பாங்க, வயரோட ரெண்டு முனையிலயும் பேட்டரி இருக்கு, நடுவுல எங்க உரசி பாடில பட்டாலும் ரெண்டு பக்கமிருந்தும் கரண்ட் பாயும், ஒரு பக்க ஃப்யூஸ் போனாலும் இன்னொரு பக்கம் எரிஞ்சுட்டே இருக்கும். இதுல மட்டும் 300 ரூபாய் மிச்சம் பிடிக்காதீங்க.

வயர் சரியாச்சுன்னா ரெண்டு பேட்டரியையும் சேக்கறது பிரிக்கறது எப்படிங்கறதுதான் மிச்சம். லாரில இருக்கற மாதிரி கையால திருப்பற கட்-ஆஃப் ஸ்விட்ச் 400, 500 ரூபாய். வண்டி ஓடறப்போ ஆன், நிறுத்தினா ஆஃப், அவ்வளவுதான். மறக்காத ஆளுக்கு இத விட நல்லது இல்ல. நான் மறக்கற ஆளு, வீட்டு கேட்டையே பூட்ட மறக்கறவன், அதனால வேண்டாம்னு விட்டுட்டேன்.

அடுத்தது இக்னிஷன்ல கண்ட்ரோல் ஆகற ரிலே, அதாவது கரண்ட் குடுத்தா தானா சேரற ஸ்விட்ச். சாவி ஆன்ல இருந்தா ரெண்டும் சேரும், ஆஃப் பண்ணா பிரியும். ஹார்ன், ஹெட்லைட்டுக்கு போடற 30, 40 ஆம்பியர் குட்டி ரிலே இதுக்கு ஆகாது, காலியான பேட்டரி சேரற நொடில இழுக்கற இழுப்புக்கு பாயிண்ட் ஒட்டிக்கும். தொடர்ந்து ஆன்ல இருக்கறதுக்குன்னே வர்ற 100 ஆம்பியர் சோலனாய்டு (பெரிய ரிலே) கேட்டு வாங்கணும், செல்ப் மோட்டார் சோலனாய்ட போட்டா பத்து நிமிஷத்துல சுட்டுக் கருகிடும். எனக்கு 1000 ரூபாய் பக்கம் சொன்னாங்க. இதுல ஒரே குறை, சாவி திருப்பினதுமே ரெண்டும் சேந்துடும், செல்ப் அடிக்கறப்போ பின்னாடி பேட்டரியும் சேந்து கரண்ட் குடுக்கும், மெலிசான வயரும் சின்ன ஃப்யூஸுமா இருந்தா அப்பவே ஃப்யூஸ் போகும். டைனமோ லைட் வயர்ல இருந்து சிக்னல் எடுத்தா இன்ஜின் ஓட ஆரம்பிச்ச பிறகுதான் சேரும், தெரிஞ்ச எலக்ட்ரீஷியன் பண்ணிக் குடுப்பாரு. டைனமோன்னு நான் சொல்றது இன்ஜின் ஓடறப்போ பேட்டரிய சார்ஜ் பண்ற ஆல்டர்னேட்டரத்தான், நம்ம ஊரு பட்டறைல அந்தப் பேர சொன்னா யாரும் திரும்பிப் பாக்க மாட்டாங்க.

விஎஸ்ஆர் அப்படிங்கற வோல்டேஜ் பாக்கற ரிலேதான் நான் கடைசில போட்டது. சாவிய பத்தி அதுக்குக் கவலை இல்ல, மெயின் பேட்டரில வோல்டேஜ் 13.3 வாக்குல ஏறினா டைனமோ ஓடுதுன்னு புரிஞ்சுக்கிட்டு சேத்துடும், 12.8க்கு இறங்கினா பிரிச்சுடும். ஸ்டார்ட் பண்ணதும் முதல்ல மெயின் பேட்டரி தன் வயித்த பாத்துக்கும், அப்புறம்தான் பின்னாடிக்கு. 140 ஆம்பியர் சைனா மாடல் 2000 சொச்சத்துக்கு வாங்கினேன், மூணு வயர், ஒரு மணி நேர வேலை. பானட் தொறந்து வெச்சுக்கிட்டு ஸ்டார்ட் பண்ணா ஒரு நிமிஷம் ஒண்ணும் இருக்காது, அப்புறம் டொக்குன்னு ஒரு சத்தம், குட்டி சிவப்பு லைட் எரியும். பையன் அந்த டொக்க கேக்கறதுக்குன்னே கொஞ்ச நாள் காலையில பானட்ட தொறக்கச் சொல்லிட்டு நின்னான்.

ஆனா இது பழைய வண்டி, லெட் ஆசிட், ரெண்டும் சேந்தாதான். இந்த இடத்துலதான் நெறய பேரு வழுக்கி விழறாங்க. புது வண்டிகள்ல, முக்கியமா 2020 ஏப்ரல்ல பிஎஸ்6 வந்ததுக்கு அப்புறம் வந்ததுல, ஸ்மார்ட் டைனமோ நெறய. மெயின் பேட்டரி நிரம்பினதும் பெட்ரோல், டீசல் மிச்சம் பிடிக்க கம்ப்யூட்டர் வோல்டேஜ 12.8 வாக்குக்கு இறக்கிடும், பிரேக் பிடிக்கறப்போ, இறக்கத்துல ஆக்சிலேட்டர விடறப்போ திடீர்னு 15 கிட்ட தூக்கும். மாருதியோட ஸ்மார்ட் ஹைப்ரிட் வண்டிங்க இந்த ரகம்தான். விஎஸ்ஆர் அதுல பைத்தியம் பிடிச்ச மாதிரி சேரும் பிரியும், ராத்திரி வந்து பாத்தா பின் பேட்டரி பாதிதான். உங்க வண்டி எந்த ரகம்னு தெரிஞ்சுக்க 200 ரூபாய்க்கு ஒரு சிகரெட் சாக்கெட் வோல்ட்மீட்டர் வாங்கி சொருகிட்டு ஒரு மணி நேரம் ஓட்டுங்க, பக்கத்துல உக்காந்திருக்கறவங்கள பாக்கச் சொல்லுங்க. கடைசி வரைக்கும் 13.8க்கு மேலயே நின்னா பழைய ரகம், நிம்மதி. 12.6, 12.8ன்னு இறங்கி நின்னா உங்களுக்கு டிசி-டிசி சார்ஜர்தான்.

டிசி-டிசின்னா முன்னாடி என்ன வோல்ட் வந்தாலும் அத ஏத்தி இறக்கி பின் பேட்டரிக்கு என்ன வேணுமோ அத அளவா குடுக்கற பெட்டி. 20, 30 ஆம்பியர்ல வருது, விக்ட்ரான் ஓரியன் மாதிரி நல்ல பேரு உள்ளது 20,000 பக்கம் போகும், பேர் தெரியாதது அதுல பாதி. வயர் கொஞ்சம் மெலிசா இருந்தாலும் சமாளிக்கும். நான் வாங்கல, ஆனா லித்தியம் போட்டிருந்தா வாங்கியே ஆகணும். ஏன்னா லித்தியம் பேட்டரி உள்ள தடையே இல்லாம கரண்ட்ட இழுக்கும், நேரா ரிலே வழியா குடுத்தா டைனமோ குடுக்கறது மொத்தத்தையும் மணிக்கணக்குல உறிஞ்சும், டிராஃபிக்ல ஐடில்ல நிக்கறப்போ டைனமோ ஃபேனுக்கும் காத்து பத்தாது, வைண்டிங் கருகும். இன்னொரு விஷயம் கடைல யாரும் சொல்ல மாட்டாங்க: நிரம்பின லித்தியம் சும்மா இருக்கறப்பவே 13.3 காட்டும். விஎஸ்ஆர் பிரியறது 12.8ல. அப்ப இன்ஜின் ஆஃப் பண்ணாலும் ரிலே பிரியாது, வண்டி இன்னும் ஓடுதுன்னே நெனச்சுட்டு ரெண்டு பேட்டரியையும் ராத்திரி பூரா கட்டிப் பிடிச்சு வெச்சிருக்கும். எதுக்காக ரிலே போட்டோமோ அதுவே போச்சு.

லித்தியமும் வேணும், டிசி-டிசிக்கு காசும் இல்லன்னா ஒரு குறுக்கு வழி இருக்கு, கேவலமா தெரியும் ஆனா வேலை செய்யும். மெயின் பேட்டரில 300 வாட் ப்யூர் சைன் இன்வெர்ட்டர் ஒண்ணு, அதுல லித்தியத்துக்குன்னு வர்ற 10 ஆம்பியர் வீட்டு சார்ஜர சொருகறது. இன்ஜின் ஓடறப்போ மட்டும் இன்வெர்ட்டர் ஆன் ஆகற மாதிரி இக்னிஷன் ரிலே. 12 வோல்ட்ட 230 ஆக்கி மறுபடி 14 ஆக்கறோம், நாலுல ஒரு பங்கு சூடா போயிடும், டைனமோல இருந்து 14 ஆம்பியர் வாக்குல போனா பேட்டரிக்கு 10 வரும். ஆனா டைனமோவ 10, 15 ஆம்பியருக்கு மேல அது இழுக்காது, வயரும் சாதா வயர் போதும், அதே சார்ஜர் லாட்ஜ்லயும் உதவும். எல்லாம் சேத்து 5000, 6000ல முடியும். என் மச்சான் மாருதி ஈக்கோல இதத்தான் போட்டிருக்கான். நான் அவன கிண்டல் பண்ணேன், இப்ப நிறுத்திட்டேன்.

லடாக், ஸ்பிட்டி போற ஐடியா இருக்கறவங்களுக்கு ஒரு வார்த்தை, லித்தியத்த ஜீரோ டிகிரிக்கு கீழ சார்ஜ் பண்ணக்கூடாது, உள்ள செல் கெட்டுப்போகும், குளிருக்கு சார்ஜ்ஜ வெட்டற பிஎம்எஸ் (பேட்டரிய உள்ள இருந்தே காப்பாத்தற சர்க்யூட்) இருக்கான்னு கேட்டு வாங்குங்க. வால்பாறை, கொடைக்கானலுக்கு பெரும்பாலும் இந்தக் கவலை இல்ல. அங்க குரங்குதான் கவலை.

குரங்குன்னதும் சோலார். மேல கேரியர்ல 100 வாட் பேனல் ஒண்ணு, 7, 8 கிலோ எடை, 4000 ரூபாய் வாக்குல. நல்ல வெயில் நாள்ல நம்ம ஊருல படுக்கை வசத்துல போட்டா 25 ஏஹெச் எதிர்பாக்கலாம், 30 வந்தா சந்தோஷம். பெட்டில 100 வாட்னு போட்டிருக்கறது 25 டிகிரில எடுத்த கணக்கு, வண்டி கூரைல பேனல் 65 டிகிரி சூடாச்சுன்னா அதுலயே 15 சதவீதம் போயிடும், அதனால கூரைல ஒட்டாம அடில காத்து போக ரெண்டு இன்ச் இடைவெளி விடுங்க. வளையற பேனல் ஸ்டைலா இருக்கும், கூரையோட ஒட்டி சூட்டுலயே வெந்து சீக்கிரம் போயிடுது, கண்ணாடி பேனலே போதும்.

சோலாரோட பெரிய சிக்கல் பேனல்ல இல்ல, நம்மகிட்ட இருக்கு. பேனல் வெயில் கேக்கும், நாம நிழல் கேப்போம். ஏப்ரல் மாசத்துல வண்டிய வெட்டவெளில நிறுத்துன்னு வீட்டம்மாகிட்ட சொல்லிப் பாருங்க. வேப்ப மரம், புளிய மரம் எங்க இருக்கோ அங்கதான் போய் நிப்போம், ஒரு கிளை நிழல் குறுக்க விழுந்தாலே கரண்ட் பாதிக்கும் கீழ போயிடும். அதுக்காக 10 மீட்டர் வயரோட தனியா எடுத்து வெயில்ல வைக்கற மாதிரி ஒண்ணு பண்ணேன், ஒரு குரங்கு வந்து பேனல் மேல உக்காந்து பிஸ்கட் தின்னுட்டு வயர இழுத்துப் பாத்துட்டு போச்சு, அன்னிக்கு வந்த மொத்த சார்ஜ் 4 ஏஹெச்.

பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவுல சார்ஜ கட்டுப்படுத்தற பெட்டிதான் கண்ட்ரோலர், ரெண்டு ரகம். சாதா பிடபிள்யூஎம்னா 500, 600, பேனலோட கூடுதல் வோல்டேஜ வீணாக்காம ஆம்பியரா மாத்தற எம்பிபிடின்னா 3000க்கு மேல. ஒரே ஒரு 12 வோல்ட் பேனலுக்கு பிடபிள்யூஎம்மே போதும், கால் பங்கு வீணாகும், ஆகட்டும், அந்த வித்தியாச காசுல இன்னொரு சின்ன பேனலே வாங்கலாம். ஆனா வாட்டுக்கு விலை கம்மின்னு வீட்டு மாடிக்கு போடற 300 வாட் பெரிய பேனல வாங்கினீங்கன்னா அது வேற வோல்டேஜ், பிடபிள்யூஎம்ல போட்டா பாதிக்கு மேல வீண், அதுக்கு நிஜ எம்பிபிடிதான். நிஜங்கறேன், ஏன்னா 800 ரூபாய்க்கு எம்பிபிடின்னு ஸ்டிக்கர் ஒட்டி விக்கறாங்க, கைல எடுத்தா காத்தாடி மாதிரி இருக்கும், உள்ள காயில் (கம்பிச் சுருள்) இருக்கவே இருக்காது. பேனல்ல இருந்து வர்ற ஆம்பியர விட பேட்டரிக்குப் போற ஆம்பியர் கூட இருந்தாதான் எம்பிபிடி, கிளாம்ப் மீட்டர் வெச்சா ஒரு நிமிஷத்துல குட்டு உடைஞ்சுடும்.

இவ்வளவும் சொல்லிட்டு ஒண்ணு சொல்றேன், வெளிநாட்டு வீடியோ பாக்கறப்போ அவங்க நாலு நாள் பாலைவனத்துல ஆளே இல்லாம நிப்பாங்க, அதுக்குத்தான் அவ்வளவு சாமான். நம்ம டூர் அப்படியா இருக்கு? ரெண்டு நாளைக்கு ஒரு தடவ குளிக்க ரூம் போடுவோம், சத்திரத்துல இறங்குவோம், போற வழில சித்தப்பா வீடு, அத்தை வீடு வராம எந்த டூரும் முடியாது. எல்லா இடத்துலயும் பிளக் பாயிண்ட் இருக்கு. 10 ஆம்பியர் பேட்டரி சார்ஜர் ஒண்ணு 2000, 2500, நீளமான எக்ஸ்டென்ஷன் ஒண்ணு, ராத்திரி எட்டு மணி நேரம் போட்டா பாதி காலியான 100 ஏஹெச் பேட்டரி காலையில கிட்டத்தட்ட ஃபுல். ஓட்டறப்போ டைனமோவால கடைசி 20 சதவீதத்த நிரப்ப முடியறதில்ல, லெட் ஆசிட் கடைசில சொட்டு சொட்டாத்தான் குடிக்கும், அதுக்கே மூணு நாலு மணி நேரம் வேணும், அத வாரத்துக்கு ஒரு தடவையாவது முழுசா நிரப்பலன்னா சல்பேட் பிடிச்சு சாகும். அந்த வேலைய பிளக் பாயிண்ட்தான் நல்லா செய்யும். லாட்ஜ்ல மட்டும் ரிசப்ஷன்ல கேட்டுட்டு சொருகுங்க, மாடில இருந்து ஜன்னல் வழியா வயர தொங்கவிட்டு நான் ஒரு தடவ வாங்கிக் கட்டிக்கிட்டேன்.

பவர் ஸ்டேஷன்னு ரெடிமேடா ஒரு பெட்டி வருதே, அது வாடகை வண்டி எடுத்து சுத்தறவங்களுக்கும் வாரண்டில இருக்கற புது வண்டிக்காரங்களுக்கும் நல்ல விஷயம். வண்டி வயரிங்ல கை வைக்க வேண்டாம், கம்பெனிக்காரன் வாரண்டி இல்லன்னு கைய விரிக்க மாட்டான், தீப்பிடிச்சா இன்சூரன்ஸ்காரங்க கேள்வி கேக்க மாட்டாங்க, வீட்டுல கரண்ட் போனா தூக்கிட்டு வந்து வெச்சுக்கலாம். ஆனா 500 வாட்-அவர் பெட்டியே 30,000க்கு மேல சொன்னாங்க, சிகரெட் சாக்கெட் வழியா 100 வாட் வாக்குலதான் ஏறும், அஞ்சு ஆறு மணி நேரம் ஓட்டணும். எங்களுக்கு கட்டுப்படியாகல.

நாங்க கடைசில போட்டது: 100 ஏஹெச் சீல்டு பேட்டரி, 16 ஸ்கொயர் வயர், விஎஸ்ஆர், ரெண்டு பக்கமும் 80 ஆம்பியர் ஃப்யூஸ், மேல 100 வாட் பேனல் பிடபிள்யூஎம்மோட, பைல ஒரு 10 ஆம்பியர் சார்ஜர். பேட்டரி தவிர மத்ததெல்லாம் 13,000 ரூபாய்க்குள்ள முடிஞ்சுது, இதுல முதல்ல போட்டு கழட்டின 4 ஸ்கொயர் வயர் காசு சேக்கல, அது இப்ப மாட்டுக் கொட்டாய்ல லைட்டுக்கு ஓடுது. பேட்டரிய பின் சீட்டுக்கு அடில ப்ளைவுட் பெட்டில வெச்சு லாரி பெல்ட் போட்டு இறுக்கியிருக்கேன். பின் சீட்ட கழட்டிடலாம்னு சொன்னாங்க, வேண்டாம்னுட்டேன், ஆர்சி புக்ல எழுதியிருக்கறதுக்கு மாறா வண்டிய மாத்தினா மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவுல மாட்டுவோம், எஃப்சிக்கு நிக்கறப்போ யாரு பதில் சொல்றது.

போன தை மாசம் ஹம்பி போனோம். போற நாள் பூரா ஓட்டம்தான், ராத்திரி நிறுத்தி ஒரு மணி நேரம் கழிச்சு மீட்டர் 12.7. ரெண்டு ஃபேன், லைட், போன் எல்லாம் ஓடி காலையில 12.35. அடுத்த நாள் வண்டிய நகத்தவே இல்ல, அங்க மரம் கம்மி, பாறைதான், வேற வழியில்லாம வெயில்ல நின்னுது, சாயங்காலம் 12.6க்கு வந்துடுச்சு. மூணாவது நாள் மேகம், அன்னிக்கு ராத்திரி மட்டும் ஒரு ஃபேன நிறுத்திட்டோம், காலையில 12.2, அதுக்கு மேல இறக்க மனசில்ல. சாவி திருப்பினதும் செல்ப் அடிச்சுது, மெயின் பேட்டரிய யாரும் தொடலயே. அப்பா பின்னாடி இருந்து "தள்ள வேண்டாமா?"ன்னாரு.

ஃப்ரிட்ஜ் வேணும்னு வீட்டம்மா ஆரம்பிச்சிருக்காங்க, அப்ப 60 ஏஹெச் கணக்கு, இந்த பேட்டரி பத்தாது. இது சாகறப்போ லித்தியத்துக்குப் போகலாம்னு இருக்கேன், விஎஸ்ஆர கழட்டிட்டு அதே 16 ஸ்கொயர் வயர்ல டிசி-டிசி உக்காந்துக்கும், வயர் செலவு மறுபடி இல்ல. பழைய பேட்டரிய கிலோ கணக்குல எடுத்துக்கறேன்னு பேட்டரி கடை அண்ணன் இப்பவே சொல்லி வெச்சிருக்காரு.